குழு நோட்டும் கிராம சபையும்: வாசகர் கேள்வி பதில்

மகளிர் குழு, வாரக் கடன், ஊராட்சி பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறவர் வாலிநோக்கம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். தருமபுரியில் 1989-ல் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் 1992-93-ல் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வந்தபோது குழு ஆரம்பித்தவர்களில் ஒருவர். நெடுநாள் ஊக்குநர் (குழுவை நடத்திக் கணக்கு எழுதுகிறவர்), ஒரு முறை வார்டு உறுப்பினர். இப்போது மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் கணக்குகளைப் பார்க்கிறார்.

கேள்வி: அக்கா, வீட்டுக்காரர் லாஞ்சில் கூலிக்குப் போகிறார். மூன்று மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் வாரக் கடன் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு வாரம் கட்ட முடியவில்லை. வசூலுக்கு வருகிற பையன் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். மற்ற பெண்களையும் "இவங்க கட்டுற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது" என்கிறான். நான் என்ன செய்ய? (வாசகி, தொண்டி)

தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கள். வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அதை எந்த நேரத்தில், எப்படிக் கேட்கலாம் என்பதற்குச் சட்டதிட்டம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட உத்தரவு இது. இரண்டு தரப்பும் சேர்ந்து முடிவு செய்த இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் வீடு தேடி வரலாம். காலை 9 மணிக்கு முன்னால், மாலை 6 மணிக்குப் பின்னால் கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பதைக் கடுமையான வசூல் முறை என்றே அந்த உத்தரவு சொல்கிறது. மிரட்டுவது, கேவலமாகப் பேசுவது, சொந்தக்காரர்களிடமும் கூட வேலை செய்கிறவர்களிடமும் போய்ச் சொல்லி மானத்தை வாங்குவது எல்லாமே கூடாது. 2025-ல் தமிழக சட்டமன்றமும் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது.

ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொன்னார், யார் யார் கூட இருந்தார்கள் என்று எழுதி, உங்களோடு சேர்ந்து கடன் வாங்கிய சென்டர் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கடன் அட்டையில் கம்பெனியின் குறைதீர்க்கும் அலுவலர் விவரம் இருக்கும். அந்த அட்டை நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். தாளை அந்த அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டுகிற தொகை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கடன் கொடுக்க வேண்டும். மூன்றாவது கடன் கொடுத்தவர் அந்தக் கணக்கைப் போட்டாரா? புகாரில் இந்தக் கேள்வியையும் எழுதுங்கள்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறொன்று. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது இந்தக் கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நிவாரணமாக 8,000 ரூபாய் வருகிறது. 5,000-ஆக இருந்ததை 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில்தான் கூட்டி அறிவித்தார்கள். அந்தப் பணம் வருகிற தேதிக்கும் வாரத் தவணைத் தேதிக்கும் என்றைக்காவது ஒத்துப்போயிருக்கிறதா? தெரிந்தே வருகிற தடைக்காலத்துக்குத் தெரிந்தே தவணை இடைவெளி விட ஏன் முடியாது? கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மீனவர் சங்கங்கள், பிடித்த மீனை விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கடனுக்குப் பிடித்துக்கொள்கிற முறையை வெகுகாலமாக வைத்திருக்கின்றன. மீன் நிறையப் பட்டால் நிறையப் போகும், பாடு இல்லாத நாளில் எதுவும் போகாது. கடலுக்குப் போகிற வீட்டுக்குத் தோதான கடன் அதுதான். அடுத்த தடவை உங்கள் சென்டரில் புதுக் கடன் பேச வந்தால், தடைக்காலத்துக்குத் தவணை நிறுத்தம் உண்டா என்று முதலில் கேளுங்கள். எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவுக்கு வயது இருபதுக்கு மேல். சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஒரு ரூபாய் வராக்கடன் கிடையாது. ஆனாலும் உறுப்பினர்களில் யாரும் பெரிதாக முன்னேறவில்லையே, ஏன்? (ஊக்குநர், ஏர்வாடி)

இதே கேள்வி எங்கள் கூட்டமைப்பிலும் வந்தது. யார் மேலும் குறை சொல்லிப் பேசாமல், குழு தன் பணத்தில் உறுப்பினர்களுக்குக் கொடுக்கிற கடனை எழுதும் உள்கடன் நோட்டுகளை எடுத்து நடுவில் வைத்தோம். எங்கள் குழுக்களில் யார் எவ்வளவு வாங்கினார் என்பதோடு எதற்கு வாங்கினார் என்றும் நோட்டில் அதற்கென்று போட்ட கட்டத்தில் எழுதுவது வழக்கம். "தொழில்" என்று பொதுவாக எழுதி முடிக்க நான் விடுவதில்லை. கருவாடு வாங்க, நண்டுவலை வாங்க, பிள்ளைக்கு காலேஜ் பஸ் பாஸ் என்று உள்ளது உள்ளபடி எழுதச் சொல்வேன்.

அந்தக் கட்டத்தை மட்டும் ஒவ்வொரு பக்கமாகப் படித்தோம். "தண்ணி பாக்கி." "ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, ராமநாதபுரம்." "கக்கூஸ் குழி எடுக்க." "தண்ணி டிரம் வாங்க." "மழையில் நனைந்த கருவாட்டுக்கு ஈடு." மறுபடியும் "தண்ணி பாக்கி." படித்துக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்ட கடன், ஊராட்சியும் அரசாங்கமும் கொடுத்திருக்க வேண்டியதைக் காசு கொடுத்து வாங்குவதற்காக எடுத்த கடன்!

எங்கள் பக்கத்துத் தண்ணீர் கதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர் போட்டால் உப்பு. காவிரி கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் குழாயடியில் காலிக் குடம் வரிசையாக நிற்கும். வராத நாளில் டிராக்டர் டேங்கில் குடம் பத்து ரூபாய். மணல் மேட்டில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்புகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு குடம் ஊறுவதற்குள் கருவாட்டு மீன் கழுவுகிற வேலை ஒன்று முடிந்துவிடும். அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? நாளைக்கு ஐந்து குடம் விலைக்கு வாங்குகிற வீட்டில் மாதம் 1,500 ரூபாய் தண்ணீருக்கே போகிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு குறைந்த வட்டியில் கடன் கொடுத்தாலும் அது டிராக்டர்காரரிடம்தான் போய்ச் சேரும்.

அதனால் நோட்டிலிருந்து ஒரு தாள் தயார் செய்தோம். பெயர் இல்லை, காரணமும் தொகையும் மட்டும். தண்ணீருக்காக இத்தனை கடன், மருத்துவப் பயணத்துக்காக இத்தனை, கருவாடு காயவைக்க மேடை இல்லாததால் வந்த நஷ்டம் இத்தனை. அதை அக்டோபர் 2 கிராம சபையில் கொடுத்தோம். மத்திய அரசின் 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவு செய்ய வேண்டும் என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பணத்தில் எங்கள் கடற்கரைத் தெருவுக்கு என்ன வந்தது என்று எழுத்தில் கேட்டோம். வாயால் "தண்ணி வரலை" என்று சொன்னபோதெல்லாம் "பார்ப்போம்மா" என்ற பதில்தான் கிடைத்தது. கடன் கணக்கைக் காட்டிக் கேட்டபோது ஊராட்சிச் செயலர் பேனாவை எடுத்தார். தெருக் குழாய்க்குத் தனி லைனும் கருவாட்டு மேடையும் தீர்மானத்தில் ஏறின. லைன் வந்துவிட்டது. மேடைக்கு இன்னும் அலைகிறோம்.

உங்கள் குழுவின் நோட்டை இப்படி ஒரு தடவை படித்துப் பாருங்கள். சேமிப்பையும் வங்கிக் கடனையும் கூட்டுவது குழு வேலையில் பாதிதான். கடன் வாங்க வேண்டிய காரணத்தைக் குறைப்பது மறுபாதி. அது நடக்கிற இடம் ஊராட்சி.

கேள்வி: குழுவுக்கு ஐந்து லட்சம் கடன் கேட்டோம். ஒரு லட்சத்தை டெபாசிட் போட்டால்தான் தருவோம் என்கிறது வங்கி. போடலாமா? (வாசகி, தேவிபட்டினம்)

போட வேண்டாம். சுய உதவிக் குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது, டெபாசிட் வற்புறுத்தக்கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. வாயால் கேட்டதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத்தில் தர மாட்டார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் மகளிர் திட்ட அலுவலகத்துக்கு ஒரு நகலோடு போங்கள். தீர்மான நோட்டும் கணக்கும் நாள்பட எழுதியிருந்தால் உங்கள் பக்கம் அசைக்க முடியாது.

கேள்வி: எங்கள் ஊரில் எல்லாம் ஊர்க் கமிட்டிதான். கடல் தகராறு, கோயில், பள்ளிக்கூடம் எதுவானாலும் கமிட்டி ஆண்கள் பேசி முடிப்பார்கள். கிராம சபைக்குப் பெண்கள் போனால் "உங்களுக்கு அங்க என்ன வேலை" என்கிறார்கள். இப்போது தலைவரும் இல்லை, தனி அலுவலர்தான். போய் என்ன பயன்? (வாசகி, மூக்கையூர் பக்கம்)

ஊர்க் கமிட்டியை நான் குறைத்துப் பேச மாட்டேன். புயல் எச்சரிக்கை வந்தால் படகை ஏற்றுவதிலிருந்து, கடலில் காணாமல் போனவரைத் தேடப் போவது வரை முதலில் எழுந்து நிற்பது அவர்கள்தான். வலை சேதத்துக்கு அவர்கள் சொல்கிற ஈடு, கோர்ட்டுக்குப் போகாமல் தீர்ந்துவிடுகிறது. ஆனால் கமிட்டிக்கு அரசாங்கப் பணம் வராது, கணக்குத் தணிக்கையும் கிடையாது. பெண்களுக்கு நாற்காலியும் கிடையாது. ஊராட்சியில் மூன்றும் உண்டு. 2016-லிருந்து தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமே இருக்கிறது.

கிராம சபையில் உறுப்பினராக யாரும் உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் நமக்குப் பழக்கம். 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஒரு குழுவில் பன்னிரண்டு பேர் என்றால் எட்டு ஒன்பது குழு சேர்ந்தாலே 100 பேர் வந்துவிடும். நீங்கள் போகாவிட்டால் கூட்டமே செல்லாது என்கிற ஊர்கள் நம் கடற்கரையில் நிறைய. இதைக் கமிட்டி ஆண்களிடமும் சொல்லுங்கள். அவர்களுக்கு வேண்டிய படகுத்துறைச் சாலைக்கும் இந்தக் கூட்டம்தான் தீர்மானம் போட வேண்டும்.

தனி அலுவலர் விஷயம் எனக்கும் வேதனைதான். நம் மாவட்டத்தில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லாமல் ஓடியது. அந்தத் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்ததும் தனி அலுவலர் பொறுப்பு மறுபடி வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போனது. 429 ஊராட்சி உள்ள மாவட்டம் இது. வட்டார வளர்ச்சி அலுவலர் எத்தனை ஊரைத்தான் பார்ப்பார்? ஆனால் தலைவர் இல்லாத காலத்தில்தான் கிராம சபைக்கு நாம் கட்டாயம் போக வேண்டும். அந்தக் காலத்தில் ஊர் ஜனங்கள் நேராகப் பேசுவதற்கு மிஞ்சியிருக்கிற இடம் அது ஒன்றுதான். கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கையைத் தீர்மான வாசகமாகவே எழுதிக் கொண்டுபோங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெண்கள் பேசினால் எடுபடுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் பாம்பன் சின்னப்பாலத்தைக் காட்டுவேன். அங்கே மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுக்கிற பெண்கள் தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஒன்று கூடி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு அதிகாரிகளோடு பேசினார்கள். அந்தப் பெண்களின் தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற உலக அளவிலான பரிசு கிடைத்தது. கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள் சட்டம் பேசி ஜெயித்த மாவட்டம் இது.

கேள்வி: மைக்ரோ கடன் வறுமையை ஒழிக்கும் என்று கல்லூரியில் படித்தேன். பங்களாதேஷுக்கு நோபல் பரிசு கூடக் கிடைத்தது. எங்கள் தெருவில் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே? (மாணவர், கீழக்கரை)

தம்பி, பாடத்தையும் தெருவையும் சேர்த்துப் பார்க்கிறீர்கள், நல்லது. பங்களாதேஷில் முகமது யூனுஸ் 1976-ல் ஜோப்ரா என்ற ஊரில் சின்னத் தொகையில் ஆரம்பித்தார். 1983-ல் கிராமீன் வங்கி ஆனது, 2006-ல் நோபல். அடமானம் இல்லாத ஏழைப் பெண் கடனைத் திருப்பிக் கட்டுவாள் என்று உலகத்துக்குக் காட்டியது பெரிய காரியம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் கட்டுவாள் என்பது வேறு, அந்தக் கடனால் வறுமை போய்விடும் என்பது வேறு. ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளில் பாதியில் கடன் நிறுவனம் கிளை திறக்க, மீதிப் பாதியோடு ஒப்பிட்டு பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் ஆய்வு செய்தார்கள். 2015-ல் வெளியானது. ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்களுக்கு அது கொஞ்சம் வளர்ந்தது. குடும்பச் செலவு, பிள்ளைகள் படிப்பு, பெண்களின் நிலை இவற்றில் பெரிய மாற்றம் தெரியவில்லை. 2010-ல் ஆந்திராவில் ஒரே பெண்ணுக்குப் பல கம்பெனிகள் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்து, அரசே அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. உங்கள் தெரு சொல்வதை நம்புங்கள்.

கேள்வி: என் தம்பி ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில், மங்கோச்சி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்காளர். ஏரிக்கரை மீனவ ஊர்கள்தானாம். அங்கே பெண்கள் பணத்தை மூன்று பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்கிறார்கள், வங்கியே இல்லை என்கிறான். நம் மகளிர் குழு முறையை அங்கே சொல்லிக்கொடுக்கலாமா, நிறுவனம் கொஞ்சம் பணமும் போடலாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னான். (வாசகர், மண்டபம்)

இந்தக் கடிதத்தைப் படித்தபோது ரொம்பச் சந்தோஷம். தம்பியிடம் முதலில் சொல்லுங்கள், அந்தப் பெட்டிக்குள் வெளிப்பணம் எதையும் போட வேண்டாம்.

அந்தப் பெட்டி முறை 1991-ல் நைஜர் நாட்டில் கேர் என்ற தொண்டு நிறுவனம் ஆரம்பித்தது. பிறகு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. பதினைந்திலிருந்து இருபத்தைந்து பேர் வரை ஒரு குழு. கூட்டத்துக்குக் கூட்டம் ஒவ்வொருவரும் சேமிப்பாக ஒன்றிலிருந்து ஐந்து பங்கு வரை வாங்கலாம். மூன்று சாவி மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஆளிடம். எல்லார் முன்னாலும்தான் திறக்க வேண்டும், எண்ணிச் சொல்ல வேண்டும். வருஷம் முடிந்ததும் சேமிப்பையும் வட்டியையும் பங்குக்குத் தக்கபடி பிரித்து எடுத்துக்கொண்டு, கணக்கைத் துடைத்துவிட்டு அடுத்த வருஷம் புதிதாகத் தொடங்குவார்கள். நம் குழுவில் சேமிப்பு வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், அதைக் காட்டித்தான் வங்கிக் கடன் வாங்குவோம். வங்கிக் கிளையே எட்டாத ஊரில் வருஷா வருஷம் பிரித்துவிடுவதுதான் பத்திரம். மழைக்கு முன்னால் பிரித்தால் மக்காச்சோள விதைக்கும் உரத்துக்கும் கைக்காசு இருக்கும். தங்கள் காசு என்பதால்தான் அத்தனை கண்ணும் பெட்டி மேல் இருக்கிறது. இலவசப் பணம் உள்ளே வந்தால், நம் ஊரில் மானியத்துக்காகவே முளைத்த குழுக்கள் மானியத்தோடு கலைந்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் அவர் சொல்லிக்கொடுக்கப் போவதைவிடக் கற்றுக்கொள்ளப் போவது அதிகம். ஆனால் இந்தக் கரைக்காரர் என்ற முறையில் அவருக்கு மட்டும் தெரிகிற ஒன்று இருக்கிறது. அங்கே உசிபா என்று நெத்திலி போலச் சின்ன மீன், விளக்கு வைத்து இருட்டு ராத்திரியில் பிடிப்பார்கள். பெண்கள் காயவைத்து விற்பார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பாடு குறைவு. பங்கு கட்டுகிற கூட்டத்தையும் கடன் தவணையையும் அமாவாசைக் கணக்குக்கு மாற்றி வைக்கலாமா என்று அந்தப் பெண்களிடம் அவர் கேட்டுப் பார்க்கட்டும். தலைநகரத்திலிருந்து திட்டம் எழுதுகிற யாருக்கும் இது தோன்றாது. மண்டபத்துப் பிள்ளைக்குத் தோன்றும்.

அப்புறம் ஊர் நிர்வாகம். மலாவியில் 1998-லேயே உள்ளாட்சிச் சட்டம் வந்துவிட்டது. 2000-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு 2014 வரை தேர்தலே இல்லை. இருந்த கவுன்சிலர்களின் காலமும் 2005-ல் முடிந்துவிட்டது, அதன் பிறகு ஒன்பது வருஷம் கவுன்சிலரே இல்லை. கேட்கும்போது நம் தனி அலுவலர் காலம் ஞாபகம் வருகிறது இல்லையா? அந்த இடைவெளியிலும் அங்கே ஊர்த் தலைவர்களும் கிராம வளர்ச்சிக் குழுக்களும்தான் வேலையை இழுத்துக்கொண்டு போனார்கள். மீனவ ஊர்களில் கரைக் கிராமக் குழு என்று இன்னொன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் மலோம்பே ஏரியில் மீன் குறைந்தபோது மீன்வளத் துறையும் ஊரும் சேர்ந்து உண்டாக்கியது. எந்த அளவு கண் உள்ள வலை போடலாம், எப்போது மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. மலோம்பே ஏரி இருப்பதும் மங்கோச்சி மாவட்டத்தில்தான்.

தம்பி செய்யக்கூடிய உதவி இங்கேதான் இருக்கிறது. பெட்டிக் குழுப் பெண்களில் எத்தனை பேர் கிராம வளர்ச்சிக் குழுவிலும் கரைக் குழுவிலும் உட்காருகிறார்கள் என்று பார்க்கட்டும். மீன் காயவைக்கிற பெண்ணுக்கு, வலைத் தடை எப்போது என்பதில் ஆணுக்குச் சமமான அக்கறை இருக்கிறது, தடை நாளில் அவளுக்கும் வருமானம் இல்லை. கடன் எதற்கெல்லாம் எடுக்கிறார்கள் என்று காரணத்தை எழுதி வைக்கச் சொல்லிக்கொடுத்து, அந்தத் தாளோடு வளர்ச்சிக் குழுக் கூட்டத்துக்கு அவர்கள் போகும்போது கூடப் போகட்டும். பேசுவது அவர்களாக இருக்கட்டும். நிறுவனத்துக்குச் செலவு செய்தே ஆக வேண்டும் என்றால், கணக்கு எழுதப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி, மீன் காயவைக்கத் தரையை விட்டு உயர்ந்த தட்டிகள், இவற்றுக்குச் செலவு செய்யலாம். தம்பியை அடுத்த கடிதத்தில் அவர்களுடைய கூட்டம் எப்படி நடக்கிறது என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். எங்கள் கூட்டமைப்பில் வாசித்துக் காட்ட ஆசை.

கேள்வி: கடற்பாசி மிதவை போடக் குழுவாகக் கடன் எடுக்கலாம் என்று இருக்கிறோம். நம்பிப் போடலாமா? (வாசகி, முனைக்காடு)

போடலாம், ஆனால் எல்லாப் பணத்தையும் ஒரே பருவத்தில் இறக்க வேண்டாம். மூங்கில் மிதவை ஒன்றில் 60 கிலோ போல விதைப்பாசி கட்டினால் 45 நாளில் நல்ல பருவத்தில் நாலு மடங்கு வரை எடுக்கலாம். பெண்களுக்கு மிதவைச் செலவில் 60 சதவீதம் மானியம் மத்திய அரசுத் திட்டத்தில் கொடுத்தார்கள், இப்போதைய நிலவரத்தை மண்டபம் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 2013-க்குப் பிறகு தண்ணீர் சூடாகிப் பாசி கூட்டம் கூட்டமாக வெளுத்துச் செத்ததை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் மிதவை தாங்காது. ஆகவே தவணை, அறுவடைக்கு அறுவடை கட்டுகிற மாதிரி இருக்கட்டும், வாரத் தவணை வேண்டவே வேண்டாம். விதைப்பாசிக்கு ஒரு பங்கை ஒவ்வொரு அறுவடையிலும் ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் விற்க வேண்டும். பவளப்பாறைப் பக்கம் மிதவை கட்டாதீர்கள். குருசடைத் தீவில் இந்தப் பாசி பாறை மேல் படர்ந்து கெடுத்தது.

கேள்வி: எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊக்குநர் எழுதுவதுதான் கணக்கு. சந்தேகப்பட்டுக் கேட்டால் சண்டை வருகிறது. (வாசகி, சாயல்குடி)

சந்தேகமாகக் கேட்க வேண்டாம், குழுவின் வழக்கமாக மாற்றிவிடுங்கள். கூட்டம் ஆரம்பித்ததும் போன கூட்டத்துக் கணக்கைச் சத்தமாக வாசிப்பது என்று தீர்மானம் போடுங்கள். இவர் இவ்வளவு கட்டினார், இவருக்கு இவ்வளவு நிலுவை, கையிருப்பு இவ்வளவு. அவரவர் கணக்கு அவரவருக்கு மனப்பாடம், தப்பு இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். நல்லவராக இருந்தாலும் மாற்றுங்கள், அடுத்தவருக்கும் பழக வேண்டும். வங்கியில் பணம் எடுக்கப் போகும்போது முறை வைத்து ஒரு உறுப்பினர் கூடப் போகட்டும், பாஸ்புக்கில் பதிவு போட்டு அன்றைக்கே கூட்டத்தில் காட்டட்டும். பத்தாவது படிக்கிற பிள்ளை ஒருவர் வீட்டிலாவது இருக்கும். மாதம் ஒரு தடவை நோட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். இதற்கெல்லாம் ஊக்குநர் சம்மதிக்கவில்லை என்றால், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் உங்கள் குழுவுக்குத் தணிக்கை கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.